தீப்பெட்டி விலையும் ரிசர்வ் வங்கியின் நாலு சதவீதமும்

(2025 மார்ச் மாதம், மகளிர் தினத்தையொட்டி நடந்த நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தலைவி என்னைப் பேசக் கூப்பிட்டபோது ஒரு நிபந்தனை போட்டார். "அக்கா, ரிசர்வ் வங்கி வட்டியக் குறைச்சிட்டாங்க, ஏத்திட்டாங்கன்னு டிவியில சொல்லுதாங்க. அது நமக்கு என்னத்துக்குன்னு சொல்லுங்க. ஆனா பாடம் மட்டும் நடத்தீராதீங்க" என்றார். முயற்சி செய்கிறேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன்னால் நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய அம்மாவின் மகள். இன்றைக்கு அம்மாவின் மகளாகத்தான் பேசப் போகிறேன்.

ஒரு ரூபாய்ப் பெட்டி

நம் ஊர்த் தீப்பெட்டியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். 2007இல் ஐம்பது பைசாவாக இருந்த தீப்பெட்டி ஒரு ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு 2021 நவம்பர் வரைக்கும், பதினாலு வருடம், அதே ஒரு ரூபாய். 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். மெழுகு, சிவப்பு பாஸ்பரஸ், அட்டை எல்லாம் விலை ஏறிவிட்டது, இனிமேல் கட்டுப்படியாகாது என்று உற்பத்தியாளர் சங்கங்கள் கூடி எடுத்த முடிவு அது.

இந்தப் பதினாலு வருடத்தில் நாட்டில் பொதுவான விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. அப்படி இருக்க, ஒரு ரூபாய்ப் பெட்டி எப்படி ஒரு ரூபாயாகவே இருந்தது? கொஞ்சம் இயந்திரம் வந்தது. கொஞ்சம் முதலாளிமாருடைய லாபம் குறைந்தது, சின்ன ஆபீசுகள் பல மூடப்பட்டன. மிச்சம், பெட்டிக்கு இவ்வளவு, கட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய பெண்களின் கையில் இருந்து போனது. கூலி ஏறவே இல்லை என்று சொல்லவில்லை. கடைச் சாமான் ஏறிய வேகத்துக்கு ஏறவில்லை.

பணவீக்கம் என்றால் இதுதான். பொருளின் விலை ஏறுகிறது என்பது பாதிக் கதை. யாருடைய வருமானம் அதோடு சேர்ந்து ஏறுகிறது, யாருடையது பின்தங்குகிறது என்பதுதான் மீதிக் கதை. கடைக்காரர் மறுநாளே விலையை மாற்றிக்கொள்வார். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி வரும். நமக்கு?

எங்கம்மா ஒரு ஜோடி கம்மல் வாங்க ஆசைப்பட்டு அடுக்குப் பானைக்குள் பணம் சேர்த்தார். அது 1991. அந்த வருடம் நாட்டில் விலைவாசி 13 சதவீதத்துக்கு மேல் ஏறியது. "நான் அம்பது ரூவா சேத்தா, கம்மல் நூறு ரூவா ஏறிப் போகுது" என்பார். கடைசியில் அந்தப் பணத்தில் எவர்சில்வர் குடம்தான் வாங்கினார். அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. பானைக்குள் இருந்த பணம் தானாகக் கரைந்துவிட்டது.

யார் அளக்கிறார்கள்?

விலைவாசி எவ்வளவு ஏறியது என்று யார் சொல்வது? மத்திய அரசின் புள்ளியியல் துறை ஆட்கள் நாடு முழுக்க 1,181 கிராமங்களிலும் 1,114 நகரச் சந்தைகளிலும் விலை விசாரித்து, ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி வாக்கில் கணக்கு வெளியிடுகிறார்கள். இதற்கு நுகர்வோர் விலைக் குறியீடு என்று பெயர். போன வருடம் இதே மாதம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு இந்த வருடம் 104 ரூபாய் ஆகிறது என்றால், பணவீக்கம் 4 சதவீதம்.

அந்தச் சாமான் பட்டியலில் சாப்பாட்டுச் செலவுக்கு சுமார் 46 சதவீத இடம். கிராமத்துக்கு மட்டும் எடுத்தால் 54 சதவீதம். இது 2011–12இல் குடும்பங்கள் எப்படிச் செலவு செய்தன என்பதை வைத்துப் போட்டது. 2022–23இல் எடுத்த கணக்கில் கிராமக் குடும்பங்களின் சாப்பாட்டுச் செலவு சுமார் 46 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, செல்போன், வண்டி என்று மற்ற செலவு கூடிவிட்டது. உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தாலே தெரியும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். "பணவீக்கம் குறைந்தது" என்று டிவியில் சொன்னதும் "எங்க குறைஞ்சுது? பருப்பு அதே விலைதான" என்று கோபம் வரும். பஸ் 80 வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, 40க்கு வந்தது என்றால் பின்னால் போகிறது என்று அர்த்தமில்லை. முன்னால்தான் போகிறது, வேகம் குறைந்திருக்கிறது. பணவீக்கம் குறைவது வேறு, விலை குறைவது வேறு. போன அக்டோபரில் பணவீக்கம் 6.2 சதவீதம். காய்கறி மட்டும் 42 சதவீதம் ஏறியிருந்தது. இந்த ஜனவரியில் பணவீக்கம் 4.3. ஆக, ஏறுகிற வேகம் தணிந்திருக்கிறது. ஏறிய விலை ஏறியதுதான்.

பெட்டிச் சாவியும் தீர்மானப் புத்தகமும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் குழுக்களில் கடன் கொடுக்க விதி வைத்திருக்கிறோம். யாருக்கு முன்னுரிமை, எவ்வளவு, எத்தனை தவணை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ஏன்? தலைவி நல்லவராக இருந்தாலும், "இன்னைக்கு மட்டும் என் தங்கச்சிக்குக் குடுத்திருவோம்" என்று ஒரு தடவை பெட்டி திறந்தால், அடுத்த தடவை எல்லோரும் கேட்பார்கள். குழுவின் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். சந்தா கட்டுவதும் நின்றுவிடும்.

நாட்டுக்கும் இதே கதைதான். 1997 வரைக்கும் மத்திய அரசுக்குப் பணம் போதவில்லை என்றால், ஒரு வகைக் கடன் பத்திரத்தை எழுதி ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம். நீண்ட காலம் அதற்கு வரம்பே இல்லை. பெட்டிச் சாவி செலவு செய்பவர் கையிலேயே இருந்த மாதிரி. சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த காலத்தில்தான், அரசோடு ஒப்பந்தம் போட்டு அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகும் விலைவாசிக்கு இதுதான் எல்லை என்று எழுதிய விதி எதுவும் இல்லை. 2012, 2013 வாக்கில் பணவீக்கம் 10 சதவீதத்தைத் தொட்டது. ரகுராம் ராஜன் கவர்னராக இருந்தபோது, உர்ஜித் படேல் தலைமையிலான குழு 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. 2015 பிப்ரவரி 20ஆம் தேதி மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் செய்தன. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தையே திருத்தினார்கள்.

அந்தச் சட்டப்படி விதி இதுதான்: பணவீக்கம் 4 சதவீதத்தில் இருக்க வேண்டும். மழை பொய்க்கும், எண்ணெய் விலை ஏறும், அதனால் கீழே 2 வரை, மேலே 6 வரை போகலாம். இந்த இலக்கை அரசு அஞ்சு வருடத்துக்கு ஒரு முறை நிர்ணயிக்கும். அதை எட்டுவதற்கு வட்டியை எவ்வளவு வைப்பது என்று ஆறு பேர் கொண்ட குழு முடிவு செய்யும். மூணு பேர் ரிசர்வ் வங்கி, மூணு பேர் அரசு நியமிக்கும் வெளியாட்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. மூணுக்கு மூணு என்று நின்றால் கவர்னருக்கு இன்னொரு ஓட்டு. 2016 அக்டோபரில் முதல் கூட்டம் நடந்தது. யார் எதற்கு ஓட்டுப் போட்டார், ஏன் என்று பதினாலாம் நாள் வெளியிடவும் வேண்டும். நம் தீர்மானப் புத்தகம் மாதிரியேதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. தொடர்ந்து மூன்று காலாண்டு இந்த 2–6 எல்லையைத் தாண்டிவிட்டால், ரிசர்வ் வங்கி தோற்றுவிட்டது என்று சட்டமே சொல்கிறது. ஏன் தோற்றோம், என்ன செய்யப் போகிறோம், எப்போது சரியாகும் என்று அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 2022இல் அது நடந்தது. ஜனவரி முதல் செப்டம்பர் வரை பணவீக்கம் 6க்கு மேலேயே நின்றது. ஏப்ரலில் 7.79. நவம்பர் 3ஆம் தேதி இதற்கென்றே குழு கூடியது, கடிதமும் போனது. ஆனால் அந்தக் கடிதத்தை அரசு மக்களுக்கு வெளியிடவில்லை. குழுவில் ஒருவர் தவணை தவறினால் எல்லார் முன்னாலும் காரணம் சொல்லச் சொல்கிறோம். நாட்டின் வட்டியை முடிவு செய்கிறவர்கள் எழுதிய காரணத்தை நாம் படிக்க முடியவில்லை என்பது எனக்குக் குறைதான்.

கடலுக்கு அந்தப் பக்கம்

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிய ரொம்ப தூரம் போக வேண்டாம். தூத்துக்குடியில் இருந்து கடல் தாண்டினால் கொழும்பு. இலங்கையில் அரசு வரியைக் குறைத்தது, வருமானம் போதவில்லை, மத்திய வங்கி அரசுக்குப் பணம் அச்சடித்துக் கொடுத்தது. கையிருப்பு டாலரும் தீர்ந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். நூறு ரூபாய்ச் சாமான் ஒரே வருடத்தில் நூற்றெழுபது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றதை நாமெல்லாம் டிவியில் பார்த்தோம். 2022 ஏப்ரலில் புதிதாக வந்த கவர்னர் நந்தலால் வீரசிங்க ஒரே நாளில் வட்டியை 7 சதவீதம் ஏற்றினார். 2023இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். மத்திய வங்கி இனி அரசுக்குப் பணம் அச்சடித்துக் கொடுக்கக் கூடாது, பணவீக்க இலக்கு 5 சதவீதம், தவறினால் நாடாளுமன்றத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

துருக்கியில் இன்னொரு கதை. வட்டியைக் குறைத்தால்தான் விலைவாசி குறையும் என்று நாட்டின் அதிபரே பிடிவாதம் பிடித்தார். விலைவாசி ஏறும்போதே வட்டியை இறக்கினார்கள். 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதம். இப்படி இலக்கு வைத்து நடத்தும் முறையை முதலில் கொண்டுவந்தது 1990இல் நியூசிலாந்து. பிறகு சிலி, பிரேசில் என்று பல நாடுகள் எடுத்துக்கொண்டன. நம்மைப் போல ஏழைகள் அதிகம் உள்ள நாடுகளில் இது கஷ்டமான வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்குமா?

வங்கிகள் அவசரத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் கைமாற்றாக வாங்கும் பணத்துக்குக் கொடுக்கும் வட்டிதான் ரிப்போ. கொரோனா நேரத்தில், 2020 மே மாதம் அதை 4 சதவீதமாக இறக்கினார்கள். 2022 மே 4ஆம் தேதி ஏற்ற ஆரம்பித்து, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக்கினார்கள். இரண்டு வருடம் அதிலேயே நிறுத்திவிட்டு, போன மாதம் 7ஆம் தேதி கால் சதவீதம் குறைத்து 6.25 ஆக்கியிருக்கிறார்கள். அஞ்சு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் முதல் முறையாகக் குறைக்கிறார்கள்.

விலைவாசி ஏறினால் வட்டியை ஏன் ஏற்ற வேண்டும்? நூறு ரூபாயை ஒரு வருடத்துக்கு 4 ரூபாய் வட்டிக்குக் கொடுக்கிறீர்கள். அந்த வருடம் சாமான் விலை 8 ரூபாய் ஏறிவிட்டது. திரும்பி வந்த 104 ரூபாயில் பழைய அளவு சாமான் வாங்க முடியாது. கொடுத்தவருக்கு நஷ்டம், வாங்கியவருக்கு லாபம். அப்படியென்றால் எல்லோரும் கடன் வாங்கிச் சரக்கை வாங்கி அடுக்குவார்கள், விலை இன்னும் ஏறும். அதனால்தான் ஜான் டெய்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1993இல் ஒரு வாய்ப்பாடு சொன்னார். விலைவாசி ஒரு சதவீதம் கூடினால் வட்டியை ஒன்றரை சதவீதம் கூட்டு, விலையைவிட வட்டி முந்த வேண்டும் என்றார்.

ஆனால் வாய்ப்பாட்டை அப்படியே நம் நாட்டில் போட முடியாது. 2023 ஜூலையில் பணவீக்கம் 7.44 போனது எதனால்? தக்காளியால். நம் மாநில அரசு சென்னை ரேஷன் கடையிலேயே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது நினைவிருக்கும். வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்குமா? அந்த வருடம் டிசம்பர் 17, 18இல் நம் மாவட்டத்தில் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கரிசல் காட்டில் அறுக்க இருந்த உளுந்தும் மக்காச்சோளமும் தண்ணீருக்குள் நின்றன. மழை ரிசர்வ் வங்கி சொல்வதைக் கேட்காது. தக்காளி மூன்று மாதத்தில் தானாக இறங்கியது. அந்தச் சமயத்தில் ஆறு பேர் குழு வட்டியை ஏற்றாமல் பொறுத்திருந்தது சரி என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் எப்போது ஏற்ற வேண்டும்? உக்ரைன் போரால் 2022இல் சூரியகாந்தி எண்ணெய் ஏறியது. இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைக் கொஞ்ச நாள் நிறுத்தியது. எண்ணெய் ஏறியதும் வடைக்கடைக்காரர் விலையை ஏற்றினார். லாரி வாடகை ஏறியது. "இனிமே எல்லாம் ஏறத்தான் செய்யும்" என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டால், நாளைக்கு ஏறப் போகிற விலையை இன்றைக்கே சேர்த்துப் போடுவார்கள். அந்த எண்ணத்தை உடைக்கத்தான் வட்டி.

வட்டி ஏறினால் யார் தாங்குவது?

இங்கே ஒளிக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். வட்டி ஏறினால் வங்கிக் கடன் கூடும், வீடு கட்டுவதைத் தள்ளிப்போடுவார்கள். வீடு கட்டுவது நின்றால் முதலில் வேலை போவது யாருக்கு? சித்தாள் வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு. விலைவாசியை அடக்குகிற மருந்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அதில் ஒரு பங்கை நாம் கொடுக்கிறோம்.

ஆனாலும் மருந்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூறு நாள் வேலைக் கூலியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2022–23இல் 281 ரூபாய். 2023–24இல் 294. பதின்மூன்று ரூபாய் கூடியது, அதாவது 4.6 சதவீதம். 2022–23இல் பணவீக்கம் சராசரி 6.7. கூலி ஏறியும் நாம் பின்னால்தான் போனோம். அடுத்த வருடம் 319 ஆன பிறகுதான் கொஞ்சம் பிடித்தோம். வருடத்துக்கு ஒரு முறை ஏறும் கூலியை நம்பி இருக்கிறவர்களுக்கு 4 சதவீதம் தாங்கும், 8 சதவீதம் தாங்காது.

இதில் ஒரு விவாதம் நடக்கிறது, அது நமக்குத் தெரிய வேண்டும். போன ஜூலையில் வந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, சாப்பாட்டுப் பொருளை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் பணவீக்க இலக்கு வைக்கலாமா என்று கேட்டது. வட்டியால் காய்கறி விலையைக் குறைக்க முடியாதே என்பது அவர்கள் நியாயம். ரகுராம் ராஜன் அதை ஏற்கவில்லை. சாப்பாட்டுப் பொருளை எடுத்துவிட்டால், மக்கள் தினமும் பார்க்கிற விலை ஏறிக்கொண்டிருக்கும்போது பணவீக்கம் கட்டுக்குள் இருக்கிறது என்று ரிசர்வ் வங்கி சொல்லும், யார் நம்புவார்கள் என்றார். நம் செலவில் பாதி சாப்பாடு. அந்தப் பாதியைக் கணக்கில் இருந்து எடுப்பதென்றால் நம்மிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், நாம் வாங்குகிறவர்கள் மட்டும் இல்லை, விற்கிறவர்களும்தான். புரட்டாசியில் விதைத்து, மார்கழி தையில் உளுந்தும் பாசியும் அறுக்கிறோம். பருப்பு விலை ஏறினால் அரசு உளுந்தையும் துவரையும் வரி இல்லாமல் இறக்குமதி செய்ய விடுகிறது. நகரத்தில் விலை இறங்குகிறது, நம் களத்திலும் இறங்குகிறது. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தபோது விவசாயிகள் பட்டபாடு தெரியும். ஒரே வீட்டில் தை மாதம் விலை ஏற வேண்டும் என்று வேண்டுகிறோம், ஆடி மாதம் இறங்க வேண்டும் என்று வேண்டுகிறோம். பணவீக்க இலக்கு என்ற ஒரு எண்ணுக்குள் இந்த இரண்டும் அடங்காது. விளைந்த நேரத்தில் கிட்டங்கியும், நியாயமான கொள்முதல் விலையும் வேண்டும். அதை ரிசர்வ் வங்கியிடம் கேட்க முடியாது, அரசிடம்தான் கேட்க வேண்டும்.

நான் செய்த தப்பு

இப்போது என் சொந்தக் கதை. 2021 தொடக்கத்தில் என் மதினி வீடு கட்ட 8 லட்சம் கடன் வாங்கினார். இட்லிக் கடை வைத்திருக்கிறார். என்னிடம்தான் யோசனை கேட்டார். "மதினி, வட்டி இவ்வளவு கம்மியா நான் பாத்ததே இல்ல, இப்பவே வாங்கிருங்க" என்றேன். 7 சதவீதம், 15 வருடம், மாதத் தவணை சுமார் 7,190 ரூபாய். அது மாறும் வட்டி, ரிப்போ ஏறினால் இதுவும் ஏறும் என்று நான் விளக்கிச் சொல்லவில்லை. முப்பது வருடம் வங்கியில் இருந்தவள், எனக்குத் தெரியாதா? குறைந்த வட்டி கண்ணை மறைத்துவிட்டது.

2023இல் ஒரு நாள் கணக்கை எடுத்துக்கொண்டு வந்தார். தவணை மாறவில்லை, அதே 7,190. ஆனால் வட்டி 9.5 ஆகியிருந்தது. தவணையைக் கூட்டாமல், கடன் முடியும் காலத்தை ஏறத்தாழ அஞ்சு வருடம் நீட்டியிருந்தார்கள். அதாவது இன்னும் நாலு லட்சம் ரூபாய் பக்கம் கட்ட வேண்டும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏ தாயி, நீ சொல்லித்தான வாங்குனேன்" என்றார் மதினி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஆகஸ்ட் 18ஆம் தேதி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது கடன் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று அவரையே கேட்க வேண்டும், நிலையான வட்டிக்கு மாறவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மதினியோடு நானும் போனேன். மாதம் சுமார் 1,300 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதாக எழுதிக் கொடுத்தோம். பழைய தேதியிலேயே கடன் முடியும். அந்த 1,300க்காக மதினி சாயங்காலமும் கடை போடுகிறார். எங்கேயோ மும்பையில் ஆறு பேர் போடுகிற ஓட்டு, இளையரசனேந்தல் ரோட்டில் ஒரு இட்லிக் கடையின் சாயங்காலத்தை எடுத்துக்கொண்டது.

நாம் செய்யக்கூடியது

நம் குழுக் கடன்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 3 லட்சம் வரை வங்கிகள் 7 சதவீதத்தில் கொடுக்க வேண்டும், ரிப்போ ஏறினாலும் இறங்கினாலும். வெளியே வாங்குகிற கடனுக்கு அது கிடையாது. தனியார் நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை 2022இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. அஞ்சு வட்டிக்காரருக்கு ரிசர்வ் வங்கியின் எந்த விதியும் எட்டாது. நூற்றுக்கு மாதம் அஞ்சு என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். ரிப்போ கால் சதவீதம் குறைந்தது என்று அவரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார்.

அதனால் நான் நாலு யோசனை வைக்கிறேன். பொதுக்குழுவில் பேசி முடிவு எடுங்கள்.

ஒன்று. நம் மாதச் சேமிப்பு 100 ரூபாய் என்று 2015இல் வைத்தோம், இன்றைக்கும் 100தான். அன்றைக்கு 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இன்றைக்குச் சுமார் 160 ஆகிறது. அப்படியென்றால் நாம் உண்மையில் சேமிப்பைக் குறைத்திருக்கிறோம். முடிந்தவர்கள் 150, முடியாதவர்கள் 100 என்று வைத்து, ஒவ்வொரு வருடமும் விலைவாசியைப் பார்த்து மறுபடி முடிவு செய்வோம்.

இரண்டு. ஒவ்வொரு குழுவும் மாதக் கூட்டத்தில் பத்துப் பொருளின் விலையை எழுதி வையுங்கள். துவரம்பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய், சின்ன வெங்காயம், தக்காளி, வத்தல், கேஸ், பிள்ளைகளின் நோட்டு, பிரஷர் மாத்திரை, ஆட்டோ வாடகை. டவுன் பஸ் நமக்கு இலவசம், அதனால் ஆட்டோ. உளுந்துக்கும் வெங்காயத்துக்கும் மட்டும் இரண்டு விலை எழுதுங்கள்: நாம் கடையில் வாங்கிய விலை, நாம் களத்தில் விற்ற விலை. ஒரு வருடம் எழுதினால் கலெக்டர் மனுநீதி நாளில் கொண்டுபோய்க் கொடுக்க நம்மிடம் கணக்கு இருக்கும்.

மூன்று. யார் கடன் வாங்கினாலும் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வட்டி நிலையானதா, மாறுவதா? வருடத்துக்கு எத்தனை சதவீதம்? வட்டி ஏறினால் தவணை கூடுமா, காலம் நீளுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் மதினிக்குக் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை.

நாலு. நம் கூட்டமைப்பும் ரிசர்வ் வங்கியிடம் இருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். விதியை மீற வேண்டிய நேரம் வரும். வெள்ளம் வந்தபோது வரிசையை விட்டுவிட்டு வீடு இடிந்தவர்களுக்கு முதலில் கடன் கொடுத்தோம், அது சரி. ஆனால் ஏன் மீறினோம், எப்போது பழைய வரிசைக்குத் திரும்புவோம் என்று எழுதி எல்லா உறுப்பினரும் படிக்கும்படி ஒட்டி வைக்க வேண்டும். அவர்கள் கடிதத்தை வெளியிடாவிட்டால் போகட்டும், நாம் வெளியிடுவோம்.

எங்கம்மா அடுக்குப் பானையில் தனியாகச் சேர்த்தார். கேட்க ஆள் இல்லை, சொல்ல ஆள் இல்லை. இன்றைக்கு இங்கே இத்தனை பேர் ஒரே பேரேட்டில் சேர்க்கிறோம். அந்தப் பேரேட்டில் போட்ட பணம் கரையாமல் பார்த்துக்கொள்வது மும்பையில் இருப்பவர்களின் வேலை மட்டும் இல்லை, நம் வேலையும்தான். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பத்துப் பொருளின் விலையை எழுதிக்கொண்டு வாருங்கள். நானும் வருகிறேன்.